உமிப்பெட்டியில் வெந்த கௌபி: ஒரு மனைப்பொருளியல் வகுப்பின் செய்முறைப் பதிவு

இரண்டாம் தவணை முடிவதற்கு முந்திய வாரத்து வியாழக்கிழமை, பிற்பகல் 1.15 மணிக்கு, பத்தாந்தர மாணவி ஒருத்தி உமி மெத்தைகள் அடைந்த மரப்பெட்டியின் மூடியைத் திறந்து, மேல் மெத்தையைத் தூக்கி வைத்துவிட்டு, சட்டிக்குள்ளிருந்து ஒரு கௌபி (தட்டைப்பயறு) மணியை அகப்பையால் எடுத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து நசித்துப் பார்த்தாள். தோலும் பருப்பும் ஒன்றாகி மாவாய் நசிந்தது. காலை 10.15க்கு அடுப்பிலிருந்து இறக்கிய அந்தச் சட்டிக்கு அதன் பின்னர் ஒரு சுள்ளிகூட எரிக்கப்படவில்லை. இரண்டரை மாதங்களில் ஐந்து தடவை பிழைத்து ஆறாவது தடவையில் சரிவந்த வேலை இது. இந்தப் பாடத்தைக் கற்பிக்கும் ஏனைய ஆசிரியர்களுக்குப் பயன்படலாம் என்பதால், பிழைத்த இடங்களையும் மறைக்காமல் ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

எமது பாடசாலை முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கத்தில் இருக்கும் சிறிய பாடசாலை. மனைப்பொருளியல் அறையில் ஒரு மண் அடுப்பும், இரண்டு தையல் மெசின்களும், 2022ஆம் ஆண்டு நாடெங்கும் எரிவாயு இல்லாமற் போனபோது வெறுமையான ஒரு சிலிண்டரும் உள்ளன. அந்தச் சிலிண்டர் அதன் பிறகு நிரப்பப்படவில்லை. எமக்குரிய இரட்டைப் பாடவேளை காலை 9.10 முதல் 10.30 வரை, அதாவது 80 நிமிடங்கள். பாத்திரம் கழுவி, அடுப்பு மூட்டி, தண்ணீர் கொதிக்கும்போதே அரை மணி நேரம் போய்விடும். ஊறவைத்த கௌபி அடுப்பில் வேக மேலும் முக்கால் மணி நேரமாவது வேண்டும். ஆகவே கடந்த சில ஆண்டுகளாக அவரையினங்களைச் சமைக்கும் பாடத்தை நான் கரும்பலகையிலேயே நடத்தி வந்தேன். பிள்ளைகள் பரீட்சைக்குப் போகும்போது, வாழ்வில் ஒரு தடவையாவது வகுப்பில் செய்து பார்த்திராத ஒன்றைப் பற்றி எழுதுகிறார்கள் என்ற கவலை எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. விறகும் இலகுவில் கிடைப்பதில்லை. பிள்ளைகள்தான் வீட்டிலிருந்து ஆளுக்கு இரண்டு துண்டு கொண்டுவருவார்கள். யானை நடமாடும் காட்டோரத்தில் பொறுக்கிய விறகை வகுப்பில் ஒரு மணி நேரம் எரித்துத் தீர்ப்பது எனக்கு மனத்துக்கு ஒப்பாத காரியமாக இருந்தது.

கொதித்த சட்டியின் சூட்டை வெளியே போகவிடாமல் மூடி வைத்தால் அந்தச் சூட்டிலேயே மீதி வேகும் என்பது பழைய விடயம். அதைப் பாடவேளை அட்டவணைக்குள் பொருத்த முடியுமா என்பதே என் கேள்வி. 10.15க்கு இறக்கி மூடிவிட்டால், இடைவேளையும் அடுத்த மூன்று பாடங்களும் கழிந்து, எட்டாம் பாடவேளையின் கடைசிக் கால் மணி நேரத்தில், 1.15க்குத் திறக்கலாம். மூன்று மணி நேரம் கிடைக்கும்.

முதலில் எடுத்தது மீன் பெட்டி. முல்லைத்தீவிலிருந்து வரும் மீன் வியாபாரி ஒருவர் ஓரம் உடைந்த றெஜிபோம் (தேர்மோகோல்) பெட்டியொன்றை இலவசமாகத் தந்தார். சவர்க்காரமும் சாம்பலும் போட்டு மூன்று தடவை கழுவியும் மணம் போகவில்லை. போதாததற்கு, கொதிக்கும் சட்டியை உள்ளே வைத்து மூடி ஒரு மணி நேரத்தில் திறந்தபோது, சட்டியின் அடி பட்ட இடம் விரலளவு குழிந்து சுருங்கிப் போயிருந்தது. குளிரைக் காக்கும் பெட்டி கொதிசட்டியைத் தாங்கும் என்று நினைத்தது என் தவறு. உணவுக்குப் பக்கத்தில் உருகும் பொருளை வைக்கவே கூடாது என்று அன்றே அதை ஒதுக்கிவிட்டோம்.

இரண்டாவது முயற்சி கடகமும் வைக்கலும். பெரிய பனையோலைக் கடகமொன்றில் வைக்கலை அடைந்து, நடுவில் சட்டியை இறக்கி, மேலே சாக்கைப் போட்டு மூடினோம். இந்தக் கட்டத்தில்தான் அளந்து பார்க்கத் தொடங்கினோம். விஞ்ஞான கூடத்திலிருந்து சிவப்புத் திரவம் கொண்ட வெப்பமானியை இரவல் வாங்கினேன். பாதரச வெப்பமானியைச் சமையலறைக்குள் கொண்டுவரக் கூடாது. சிவப்புத் திரவ வெப்பமானியையும் உணவுக்குள் இறக்காமல், மூன்று லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைத்து அதில் மட்டுமே அளந்தோம். 98 பாகையில் மூடிபோட்டு மேசையில் சும்மா வைத்த சட்டி ஒரு மணி நேரத்தில் 67 பாகைக்கும், மூன்று மணி நேரத்தில் 43 பாகைக்கும் இறங்கியது. கடகத்துக்குள் வைத்தது மூன்று மணி நேரத்தின் பின் 56 பாகையில் நின்றது. இடைவெளியே இருக்கக் கூடாது என்று வைக்கலை முழங்காலால் அமத்தி இறுக்கியிருந்தோம். பிள்ளையொன்றைக் கூட்டிப்போக வந்த அம்மம்மா ஒருவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பிள்ளை, வைக்கலை உப்பிடி அமத்தாதை, உதிர்த்துப் போடு. இறுக்கினா சூடு அதுக்குள்ளாலை ஓடிப்போயிடும்" என்றார். அவருடைய இளமைக் காலத்தில் கலியாண வீட்டுச் சோற்றுக் கிடாரத்தைச் சுற்றி வைக்கலை உதிர்த்துப் போட்டுத்தான் பந்தி முடியும்வரை சூடு காப்பார்களாம். மறுநாள் அதே கடகத்தில் வைக்கலை உதிர்த்து அடைந்தபோது 61 பாகை. வைக்கல் சூட்டைப் பிடிப்பதில்லை, வைக்கலுக்கிடையில் அகப்பட்டு அசையாமல் நிற்கும் காற்றுத்தான் பிடிக்கிறது என்பதை இந்த ஐந்து பாகை வித்தியாசம் பிள்ளைகளுக்குப் புரிய வைத்தது. என்னுடைய எந்த விளக்கமும் அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

61 பாகை போதாது. சமைத்த உணவு 60 பாகைக்குக் கீழே இறங்கி நெடுநேரம் நின்றால் கிருமி பெருகும் என்பதைக் கற்பிக்கும் ஆசிரியரே அந்த எல்லையின் ஓரத்தில் சமைக்க முடியாது. அத்துடன் கடகத்தின் வாய் வட்டமாகவும் அகலமாகவும் இருந்ததால் மேற்பக்கம் ஒழுங்காக மூடப்படவில்லை. ஆகவே பெட்டி அடிப்பது என்று தீர்மானித்தோம்.

பாடசாலையின் பின்புறம் கால் முறிந்த மேசைகள் கிடந்தன. அதிபரிடம் கேட்டு இரண்டு மேசைகளின் பலகைகளைக் கழற்றினோம். எமது சட்டி ஐந்து லீற்றர் கொள்ளும் அலுமினியச் சட்டி. விட்டம் 22 சதமமீற்றர், மூடியோடு உயரம் 18 சதமமீற்றர். சுற்றிவர 7 சதமமீற்றரும், அடியிலும் மேலும் பத்துப் பத்துச் சதமமீற்றரும் விட்டு, உட்புறம் 36க்கு 36, உயரம் 38 சதமமீற்றர் என்று கணக்கிட்டு அடித்தோம். வாள், சுத்தியல், அளவுநாடா, ஒன்றரை அங்குல ஆணி, மூடிக்கு இரண்டு பிணைச்சல் என்பவற்றுக்கு மேலே எதுவும் தேவைப்படவில்லை. பலகைகளுக்கிடையே இருந்த நீக்கல்களுக்குப் பழைய கொப்பித் தாளைக் கூழாக்கி, மாப்பசையோடு பிசைந்து அடைத்தோம்.

பெட்டி முடிந்து சட்டியை இறக்கிப் பார்த்தபோதுதான் சட்டிக்குக் காதுகள் உண்டு என்பது நினைவுக்கு வந்தது. காதிலிருந்து காதுவரை 30 சதமமீற்றர். காதுப் பக்கத்தில் மிஞ்சிய இடைவெளி மூன்றே சதமமீற்றர். ஒரு வாரத்து வேலையைக் கழற்றி மீண்டும் அடிக்க வேண்டுமோ என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, வகுப்பில் இருக்கும் நான்கு பையன்களில் ஒருவன் வந்து, "ரீச்சர், சட்டியக் கொஞ்சம் திருப்பி வைச்சா காது ரெண்டும் மூலைக்குப் போகுமெல்லோ?" என்று கேட்டான். சதுரத்தின் மூலைவிட்டம் ஏறத்தாழ 51 சதமமீற்றர். சட்டியை எட்டில் ஒரு சுற்றுத் திருப்பியதும் காதுக்கு வெளியே பத்துச் சதமமீற்றர் கிடைத்தது. கணித பாடத்தில் பின்வரிசையில் இருப்பவன் என்று எனக்குச் சொல்லப்பட்ட பிள்ளை அவன்.

வைக்கலுக்குப் பதிலாக உமியைத் தெரிந்தோம். வன்னியில் நெல் மில் உள்ள இடமெல்லாம் உமி மலையாகக் குவிந்திருக்கும், கேட்டால் அள்ளிக்கொண்டு போகச் சொல்வார்கள். எமக்குத் தேவைப்பட்டது ஏறத்தாழ ஐந்து கிலோகிராம், இரண்டு உரப்பை நிறைய. ஒரு தந்தையார் தம் லான்ட்மாஸ்ரரில் (இருசில்லு உழவு இயந்திரத்தில்) கொண்டுவந்து இறக்கினார். அவசரத்தில் அதை அப்படியே பழைய சேலைத் துணியில் பைகளாகத் தைத்து அடைத்தோம். இதுவே மூன்றாவது பிழை. சேலையின் நெசவு ஐதானது. உமியின் கூரிய முனைகள் துணியைத் துளைத்து வெளியே வந்து, பெட்டியைத் தொட்ட எல்லோருக்கும் சுணை பிடித்தது. உமியோடு தவிடும் குறுநெல்லும் கலந்திருந்தபடியால் பத்து நாட்களில் வண்டு விழுந்தது. சட்டியின் ஆவி பட்ட மேற்பையில் பூஞ்சணம் பிடித்து ஊறல் மணம் வந்தது.

எல்லாவற்றையும் வெட்டிக் கொட்டி மீண்டும் தொடங்கினோம். இந்தத் தடவை உமியைச் சுளகில் இட்டுப் புடைத்தோம். புடைக்கத் தெரிந்த பிள்ளைகள் 21 பேரில் ஐந்து பேர்தான். அவர்கள் ஏனையோருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். சுளகை இலேசாகச் சாய்த்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து மேலே தட்ட, உமி முன்னால் பறந்து விழ, கனமான குறுநெல் பின்னால் ஒதுங்கி நிற்கும். தவிடு நடுவில் ஒரு கோடாகத் தங்கும். அந்தக் கோட்டைக் கையால் வழித்தெடுப்பதுதான் நுட்பம். புடைத்த உமியைப் படங்கில் பரப்பி மூன்று நாள் வெயிலில் காயவைத்தோம். வைகாசி வெயிலில் மூன்று நாளே தாராளம். பின்னர் நிழலில் உலர்த்திய வேப்பிலையை ஒரு கைபிடி கசக்கிச் சேர்த்தோம்.

துணியும் மாறியது. நெருக்கமான நெசவுள்ள பழைய கட்டில் விரிப்பை உள்ளுறையாகவும், கழற்றிக் கழுவக்கூடிய வெள்ளைத் துணியை மேலுறையாகவும் தைத்தோம். ஒரே பையாக விட்டால் உமி அடியில் திரண்டு மேற்பாகம் வெறுமையாகிவிடும் என்பதை முதற் பைகளில் கண்டிருந்தோம். ஆகவே பையைத் தட்டையாக விரித்து, நான்கு அங்குலத்துக்கு ஒரு கோடு வெண்கட்டியால் இழுத்து, முதலில் நூலோடி, பின்னர் மெசினில் தைத்து, நீண்ட அறைகளாகப் பிரித்தோம். ஒவ்வோர் அறையிலும் புனலால் உமியை இறக்கி, முக்கால்வாசி நிரம்பியதும் வாயை மூடிப் பின்தையல் போட்டோம். அடிக்கு ஒன்று, மேலுக்கு ஒன்று, சுற்றிவர வளைத்து வைக்க நீளமான ஒன்று என மூன்று மெத்தைகள். தையற் பாடத்தில் கைக்குட்டை ஓரம் மடித்துத் தைத்துச் சலித்திருந்த பிள்ளைகள், ஒரு தையல் விட்டால் உமி கொட்டும் என்பதால் தாமாகவே இரண்டாம் தடவை பிரித்துத் தைத்தார்கள். நேர்த்தியான தையலை நான் வற்புறுத்தாமல் வேலையே வற்புறுத்தியது இந்த ஒரு தடவைதான்.

அளந்தபோது முதலில் 72 பாகை கிடைத்தது. மூடியின் ஓரத்தில் கையை வைத்தால் சூடு தெரிந்தது. பழைய சாக்கைத் திரித்து மூடியின் உட்புற விளிம்பில் ஆணியடித்து, வெளியே ஒரு கொக்கி போட்டு இறுக்கினோம். மறுதடவை மூன்று மணி நேரத்தின் பின் 81 பாகை. அன்று வகுப்பில் எழுந்த சத்தத்துக்கு அடுத்த வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்தார்.

ஆனாலும் சமையல் உடனே சரிவரவில்லை. செலவைக் குறைக்க எண்ணி 250 கிராம் கௌபியை ஒரு லீற்றர் தண்ணீரில் போட்டு வைத்தேன். திறந்தபோது மணி கடுக்கென்று இருந்தது. கரண்டியால் கிளறியபோது ஆவியும் எழவில்லை. மீண்டும் அடுப்பில் ஏற்றி முழுதாகக் கொதிக்க வைத்துத்தான் பரிமாறினோம். சூட்டைத் தாங்கி நிற்பது சட்டிக்குள் இருக்கும் தண்ணீரும் உணவும்தான். சட்டி முக்கால்வாசியாவது நிறையாவிட்டால் எந்தப் பெட்டியாலும் பயனில்லை. அடுத்தது சிவப்புப் பச்சையரிசிச் சோறு. வீட்டில் வடிக்கும் பழக்கத்தில் தாராளமாகத் தண்ணீர் விட்டேன். பெட்டிக்குள் ஆவி வெளியேறாது என்பதை மறந்தேன். சோறு களியாகியது. ஒரு சுண்டு அரிசிக்கு ஒன்றேமுக்கால் சுண்டு தண்ணீர் என்று பிற்பாடு கண்டுபிடித்தோம். அதுவும் எங்கள் அரிசிக்குத்தான், மொட்டைக்கறுப்பன் என்ற நெல்லினத்து அரிசியைப் போட்டால் வேறு கணக்கு வரும்.

ஆறாவது தடவை ஒரு கிலோகிராம் கௌபி. புதன்கிழமை மாலை ஒரு பிள்ளையின் வீட்டில் ஊறப்போட்டு, காலையில் ஊறல் நீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரோடு சட்டி கழுத்தளவு வரும்படி வைத்து, கொதி வந்த பின் 15 நிமிடம் மூடிபோட்டு எரித்தோம். இறக்கியவுடன் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. சட்டியின் அடியில் கரியோடு தணல் பொறி ஒட்டியிருந்தால் உமி புகையத் தொடங்கும். மணலில் ஒரு கணம் இருத்தி, ஈரத் துணியால் அடியைத் துடைத்து, பெட்டிக்குள் கூரை ஓட்டுத் துண்டு ஒன்றின் மேல் வைத்தோம். இதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தால் கொதி அடங்கிவிடும், ஆகவே ஒருவர் சட்டி, ஒருவர் துணி, ஒருவர் மெத்தை, ஒருவர் மூடி என்று வெறுஞ்சட்டியில் இரண்டு தடவை ஒத்திகை பார்த்தோம். உப்பைக் கடைசியில் சேர்த்து, தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் வெங்காயமும் தாளித்துப் போட்டு 21 பேரும் சாப்பிட்டோம்.

விறகை விற்றராசில் நிறுத்தோம். அதே அளவு கௌபியை முழுவதும் அடுப்பிலேயே அவித்த நாளில் 2.7 கிலோகிராமும், பெட்டியைப் பயன்படுத்திய நாளில் 1.2 கிலோகிராமும் எரிந்தன. செலவு விபரம்: பிணைச்சல் இரண்டு 240 ரூபாய், ஆணி 150, நூல் 160, மேலுறைக்கான வெள்ளைத் துணி இரண்டு மீற்றர் 900, மொத்தம் 1,450 ரூபாய். பலகை, உமி, விரிப்பு, சாக்கு எல்லாம் கைச்செலவில்லாமல் வந்தவை. முதற் பைகளில் வீணான நூலை இதில் சேர்க்கவில்லை.

பெட்டி அடித்துக்கொண்டிருந்த நாட்களில் பிள்ளைகளுக்கு நான் சொன்ன ஒரு செய்தியை இங்கும் எழுதுகிறேன். மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் பயின்ற முதற் பெண்ணான எலன் சுவாலோ ரிச்சர்ட்ஸ், 1890இல் மேரி ஹின்மன் ஏபெலோடு சேர்ந்து பொஸ்ரன் நகரில் உழைப்பாளர் குடும்பங்களுக்காக நியூ இங்கிலாந்து கிச்சின் என்ற சமையற்கூடத்தைத் திறந்தார். அங்கே பயன்பட்டவற்றுள் ஒன்று எட்வேர்ட் அட்கின்சன் அமைத்த அலடின் அடுப்பு: சூடு வெளியேறாதபடி மூடிய பெட்டி, அடியில் எரியும் ஒரு விளக்கு, பல மணி நேர மெல்லிய வேக்காடு. அதே ரிச்சர்ட்ஸ்தான் 1899இல் தொடங்கிய லேக் பிளசிட் மாநாடுகளுக்குத் தலைமை தாங்கி, 1909இல் அமெரிக்க மனைப்பொருளியற் சங்கம் உருவாகக் காரணமானவர். அச்சங்கம் 1994இல் குடும்ப மற்றும் நுகர்வோர் விஞ்ஞானச் சங்கம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. எம் பாடத்தின் முன்னோடிகள் மூடிய பெட்டிக்குள் சூட்டைச் சேமித்துத்தான் தொடங்கினார்கள் என்று கேட்டபோது, ஒட்டுசுட்டானில் மேசைப் பலகையில் ஆணி அடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். "சமையற் பாடம்தானே" என்று பிறர் சொல்லக் கேட்டுத் தலைகுனியும் ஆசிரியர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். நானும் குனிந்திருக்கிறேன். இந்தத் தவணைக்குப் பிறகு குனிய மாட்டேன்.

இதைச் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில விடயங்கள். தண்ணீரில் அளந்து பார்க்காமல் உணவில் இறங்க வேண்டாம். மூன்று மணி நேரத்தில் 70 பாகைக்குக் கீழே இறங்கும் பெட்டியைத் திருத்திய பின்னரே சமையுங்கள். இடையில் திறந்து பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். கொக்கியில் நேரம் எழுதிய காகிதத்தைக் கட்டித் தொங்கவிட்டது எமக்கு உதவியது. மீனும் இறைச்சியும் வகுப்பில் வேண்டாம். கிட்னி பீன்ஸ் எனப்படும் செவ்வவரையைப் பயன்படுத்தினால் குறைந்தது பத்து நிமிடம் அடுப்பில் நன்றாகத் துள்ளிக் கொதிக்க வேண்டும், அதிலுள்ள நச்சுத்தன்மை மெல்லிய சூட்டில் நீங்காது. எட்டாம் பாடவேளை ஆசிரியரிடம் கடைசிக் கால் மணி நேரத்தை முற்கூட்டியே கேட்டு வையுங்கள். எம்மிடம் அந்த ஆசிரியர் முதல் நாள் தயங்கினார், இப்போது அவர் தட்டும் சேர்த்து வைக்கிறோம்.

அடுத்த தடவை நான் மாற்றப் போவது மூன்று. மேல் மெத்தையைப் பத்துச் சதமமீற்றருக்குப் பதிலாகப் பதினைந்தாகத் தைப்பேன், சூடு மேலாகத்தான் அதிகம் போகிறது. ஐப்பசி மழை தொடங்குமுன் உமி முழுவதையும் கொட்டிப் புதிது போட வேண்டும், ஈரக்காற்றில் மீண்டும் பூஞ்சணம் பிடிக்கும். முதலிலேயே உமியைப் புடைத்துக் காயவைத்திருந்தால் மூன்று வாரங்கள் மிஞ்சியிருக்கும். இரண்டாவது பெட்டி எட்டு லீற்றர் சட்டிக்கு. அதற்கான பலகைகள் ஆறு கழற்றிச் சுவரில் சாத்தியிருக்கின்றன. அவற்றுக்கு மேலே வெண்கட்டியால் பிள்ளைகள் முதலில் எழுதியிருப்பது, காதிலிருந்து காதுவரை 36 சதமமீற்றர்.